தாத்தாவின் டிரங்குப் பெட்டியை யார் பார்த்துக்கொள்வது?

1938-ல் ஓவியர் அம்ரிதா ஷேர்கில் ஹங்கேரிக்குப் போனார். தாய்வழிச் சொந்தக்காரரான விக்டர் ஏகான் என்ற மருத்துவரைக் கல்யாணம் செய்துகொள்ளத்தான் இந்தப் பயணம். மகள் ஊரில் இல்லாத நேரத்தில் பெற்றோர் அவருக்கு வந்திருந்த கடிதங்களைத் தீயில் போட்டார்கள். ஜவாஹர்லால் நேரு எழுதிய கடிதங்களும் அவற்றோடு சாம்பலாயின. இந்திய ஓவிய வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்றைக்கும் அதை நினைத்துப் பெருமூச்சு விடுகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டுத் தகப்பனார் உம்ராவ் சிங் ஷேர்கில் எதையும் லேசில் தூக்கி எறிகிற ஆள் இல்லை. சமஸ்கிருதமும் பாரசீகமும் படித்தவர், கேமராவின் மேல் தீராத மோகம் கொண்டவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தன்னையும் மனைவியையும் இரண்டு மகள்களையும் படம் பிடித்துக்கொண்டே இருந்தார். புடாபெஸ்ட், பாரிஸ், சிம்லா என்று குடும்பம் எங்கே போனாலும் கேமராவும் கூடவே போனது. கடிதத்தை எரித்ததும் படத்தைக் காப்பாற்றியதும் ஒரே வீடு என்பதை மறந்துவிடக்கூடாது. எந்தக் குடும்பத்துப் பெட்டியிலும் மிஞ்சியிருப்பது யாரோ ஒருவர் மிஞ்சட்டும் என்று விட்டுவைத்ததுதான்.

அம்ரிதா 1941-ல், இருபத்தெட்டு வயதில் லாகூரில் இறந்துபோனார். 1954-ல் உம்ராவ் சிங்கும் மறைந்தார். அம்ரிதாவின் தங்கை இந்திராவை மணந்தவர், பிறகு இந்தியாவின் இரண்டாவது தலைமைத் தேர்தல் ஆணையரான கே.வி.கே. சுந்தரம். இந்தத் தம்பதியின் மகன்தான் ஓவியர் விவான் சுந்தரம். பெரியம்மா இறந்தபின் பிறந்தவர் அவர். அவருக்குப் பெரியம்மாவைத் தெரிந்ததெல்லாம் குடும்பத்தில் மிஞ்சிய படங்கள், காகிதங்கள் வழியாகத்தான். 1995-ல் அவற்றை வைத்து ‘ஷேர்கில் ஆவணம்’ என்றொரு கலைப்படைப்பை உருவாக்கினார். 2001-02-ல் தாத்தா எடுத்த படங்களைக் கணினியில் கலந்து, வெவ்வேறு காலத்து முகங்களை ஒரே அறையில் நிறுத்திக் காட்டினார். எரியாமல் தப்பிய கடிதங்களைக் குறிப்புகளோடு தொகுத்து 2010-ல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். தாத்தா எடுத்தார், மகள் வைத்திருந்தார், பேரன் படித்துப் பெயர் போட்டார். நடுவில் ஒருவர் அலட்சியமாக இருந்திருந்தாலும் கதை முடிந்திருக்கும்.

பணக்காரர்கள், புகழ்பெற்றவர்கள், அவர்களுக்கு இதெல்லாம் நடக்கும் என்று சொல்லலாம். ஆனால் எழுத்தாளர் புதுமைப்பித்தன் பணக்காரர் இல்லை. வேலைக்காகவும் சினிமாவுக்காகவும் ஊர் ஊராக அலைந்தவர் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் ‘கண்மணி கமலாவுக்கு’ என்ற நூலாகப் பின்னாளில் வந்தன. தொகுத்தவர் இளையபாரதி. 1948-ல் அவர் மறைந்தார். கையில் பணமில்லாத அந்த வீட்டிலும் கடிதக் கட்டு பத்திரமாக இருந்தது. அதற்கும் முந்தைய உதாரணம் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு, ஏறக்குறைய எண்பத்தைந்து ஆண்டுகள் வீட்டோடு கிடந்து, 1846-ல்தான் வெளியுலகின் கண்ணில் பட்டது.

தமிழ் வீடுகளில் காகிதத்துக்குக் கண்டம் வருகிற நாட்கள் சில உண்டு. முதலாவது போகி. பழையன கழிதல் என்று கிழிந்த பாயோடு சேர்ந்து கடிதக் கட்டும் போய்விடும். அடுத்தது வீட்டுக்கு வெள்ளையடிக்கிற நாள். எல்லாவற்றிலும் மோசமானது பாகம் பிரிக்கிற நாள். நிலத்துக்கும் நகைக்கும் பங்கு கேட்பவர்கள் பெட்டிக்குப் பங்கு கேட்பதில்லை. கேட்க ஆளில்லாத பொருள் பழைய பேப்பர்காரருக்குப் போகும். சாவுச் செய்தி வந்த கடிதத்தின் கதை வேறு. படித்த உடனே கிழித்துப் போட வேண்டும், வீட்டில் வைக்கக்கூடாது என்பது வழக்கம். அதனால் பல குடும்பங்களில் கல்யாணப் பத்திரிகைகள் இருக்கும். யார் எந்த ஆண்டு இறந்தார் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் இருக்காது.

அப்படியும் தப்பியவை பெரும்பாலும் கம்பியில் குத்தி வைத்தவை. மேலே வளைந்த அந்தக் கம்பியில் கார்டும் இன்லண்டு லெட்டரும் தேதி வரிசை மாறாமல் இருக்கும். ஆவணக் காப்பாளர்கள் இந்த வரிசையைத்தான் பொக்கிஷம் என்பார்கள். கம்பியோ எதிரி, துருப்பிடித்துக் காகிதத்தைத் தின்றுவிடும். வரிசை கலையாமல் கழற்றி, மடிப்பை நீட்டி, தட்டையாக உறையில் போடுவதுதான் முதல் வேலை. ஸ்டேப்ளர் பின், குண்டூசி, ரப்பர் பேண்டு எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டவே கூடாது. சில ஆண்டுகளில் அதன் பசை பழுப்பேறி எழுத்தையும் சேர்த்துக் கறையாக்கிவிடும். லேமினேஷனும் வேண்டாம். சூடு வைத்து ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது.

போட்டோக்களின் ஆயுள் அவை எப்படி உருவாயின என்பதைப் பொறுத்தது. கருப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது வெள்ளி. ஒழுங்காகக் கழுவி எடுத்த படம் நூறாண்டு தாண்டியும் நிற்கும். கலர் படத்தில் இருப்பது சாயம். இருட்டில் வைத்தாலும் அது மெல்ல மெல்ல வெளிறும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எடுத்த கல்யாணப் படங்கள் செம்மண் நிறமாக மாறியிருப்பது அதனால்தான். தாத்தா கல்யாணப் படம் பளிச்சென்று இருக்க, அப்பா கல்யாணப் படம் மங்கிக் கிடப்பது பல வீடுகளில் பார்க்கக்கூடிய விநோதம். அவசரமாக ஸ்கேன் செய்ய வேண்டியது அப்பாவுடையதைத்தான்.

அதே காலத்து ஆல்பம் இன்னொரு தொல்லை. பக்கமெல்லாம் பசைக் கோடுகள், மேலே பிளாஸ்டிக் தாள். இன்று அந்தப் பசை இறுகி, படத்தை விட மறுக்கும். பலவந்தமாகப் பிய்த்தால் முகம் போய்விடும். படத்துக்கு அடியில் மெல்லிய நூலை நுழைத்து அறுப்பதுபோல் இழுத்துப் பார்க்கலாம். வரவில்லையென்றால் பக்கத்தை அப்படியே படமெடுத்துக்கொண்டு விட்டுவிடுவது நல்லது. புதிய உறை வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். கடுமையான பிளாஸ்டிக் வாடை அடித்தால் அது பிவிசி. அதிலிருந்து கசியும் ரசாயனம் படத்தைக் கெடுக்கும். நெகட்டிவ் கட்டில் வினிகர் வாடை வந்தால் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். மற்றவற்றிலிருந்து அதை உடனே பிரித்து வைக்க வேண்டும்.

சுவரில் மாட்டிய படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பொட்டு வைக்கிறோம், மாலை போடுகிறோம், கீழே விளக்கேற்றுகிறோம். ஈரம், எண்ணெய்ப் புகை, வெளிச்சம் மூன்றும் ஒரே இடத்தில் சேர்கின்றன. மழைக்காலத்தில் படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் பிரிப்பது மிகவும் கடினம். கும்பிடுவதற்கு நகலை மாட்டிவிட்டு, மூலப் படத்தை உள்ளே வைப்பதில் தாத்தாவுக்கு எந்தக் குறையும் வந்துவிடாது.

காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் வளரத் தோதாகிவிடும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் அது சர்வசாதாரணம். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் பரண் வெயிலில் அடுப்பாகக் கொதிக்கும், குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரி ஈரம் இழுக்கும். வீட்டின் நடு அறையில், தரையைத் தொடாத இரும்பு பீரோவே மேல். கரையானும் எளிதில் ஏறாது. தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், இலவங்கப்பட்டை, மிளகு, கிராம்பு இவற்றைப் பொடித்துக் கற்பூரத்தோடு துணியில் முடிந்து சுவடிகளுக்கு அருகே வைப்பார்கள். வீட்டிலும் செய்யலாம். முடிச்சு படத்தின் மேல் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வெள்ளத்தில் நனைந்துவிட்டால்? 2015 டிசம்பரில் சென்னையில் பலர் ஆல்பத்தைக் கட்டோடு வெயிலில் காயவைத்தார்கள். காயும்போதுதான் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஈரமாக இருக்கும்போதே பிரித்து, சுத்தமான குளிர்ந்த நீரில் மெதுவாக அலசி, நிழலில் படம் மேல்நோக்கி இருக்கும்படி பரப்ப வேண்டும். இரண்டு நாளுக்குள் முடியாது என்றால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் பிறகு நிதானமாகச் செய்யலாம். 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானின் யமமோட்டோ என்ற சிற்றூரில் தன்னார்வலர்கள் சேற்றிலிருந்து மீட்ட சுமார் ஏழரை லட்சம் படங்களைக் கழுவி, ஸ்கேன் செய்து, உரியவர்கள் வந்து தேடி எடுத்துக்கொள்ளும்படி வைத்தார்கள்.

இத்தனை செய்து காப்பாற்றிய படத்தில் இருப்பது யார் என்று தெரியாவிட்டால் என்ன பயன்? உண்மையான ஆபத்து பூச்சியைவிட இதில்தான் அதிகம். ‘நடுவில் நிற்பது பெரியத்தை, பக்கத்தில் கைக்குழந்தையோடு இருப்பவர் மாயவரத்துச் சித்தி’ என்று சொல்லத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர்தான் இருப்பார். அவருக்கு எண்பது வயது தாண்டியிருக்கும். ஸ்கேனர் வாங்குவதற்கு முன்னால் அவரிடம் உட்கார வேண்டும். படத்தைக் கையில் கொடுத்து, பக்கத்தில் செல்போனில் குரல் பதிவை ஓடவிட்டால் பெயரோடு கதையும் வரும். பிறகு படத்தின் பின்புறம் ஓரத்தில், மென்மையான பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு எழுத வேண்டும். பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும். பின்னாலுள்ள ஸ்டூடியோ முத்திரையை ஒருபோதும் மறைக்கக்கூடாது. ஊரையும் காலத்தையும் கண்டுபிடிக்க அது உதவும். ஸ்டூடியோக்களின் நெகட்டிவ்கள் பெருமளவு அழிந்துவிட்டன. கடையை மூடும்போது கண்ணாடிக்காகவும் வெள்ளிக்காகவும் விலைக்குப் போட்டவர்கள் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களைத் தேடி டிஜிட்டல் வடிவில் சேகரித்தது. வீட்டுப் பெட்டிகளில் இருப்பதுதான் பல ஸ்டூடியோக்களுக்கு இன்று கடைசிச் சாட்சி.

ஸ்கேன் செய்யும்போது கடிதத்துக்கு 300 டிபிஐ, சாதாரணப் படத்துக்கு 600, பாஸ்போர்ட் அளவுக்கு 1200, நெகட்டிவுக்கு 2400-க்குக் குறையாமல் வைக்க வேண்டும். கடிதத்தில் முகவரிப் பக்கமும் தபால் முத்திரையும் விடுபடக்கூடாது. தேதி போடாத கடிதத்துக்கு முத்திரைதான் தேதி. குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டால் பத்திரம் என்று நம்புவது வீண். வழக்கமாக அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில் என்பது தொழில்முறைப் படக்காரர்கள் கடைப்பிடிக்கும் கணக்கு. கூகுள் கணக்கு ஒன்றை இரண்டு ஆண்டுகள் யாரும் திறக்காவிட்டால் நிறுவனம் அதை அழித்துவிடலாம். படங்களும் அதோடு போகும். அப்பாவின் பாஸ்வேர்டு அப்பாவோடு போய்விட்டால், பெட்டி எரிந்ததும் இதுவும் ஒன்றுதான்.

கடிதங்களை நூலாக்க நினைப்பவர்கள் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். காகிதம் பெற்றவருக்குச் சொந்தம். வாசகத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கு, அவருக்குப் பிறகு அவர் வாரிசுகளுக்கு. எழுதியவர் காலத்தில் வெளிவராத கடிதமென்றால், இந்தியச் சட்டப்படி அது முதலில் வெளியான பிறகு அறுபது ஆண்டுகள் வரை அந்த உரிமை இருக்கும். எல்லாவற்றையும் வெளியிட வேண்டும் என்பதும் இல்லை. உறவினர் மனம் நோகும் கடிதத்தை உறையிலிட்டு ‘இன்ன ஆண்டு வரை பிரிக்க வேண்டாம்’ என்று எழுதி வைப்பது எரிப்பதைவிட நாகரிகமான வழி.

வீட்டில் பொறுப்பேற்க யாருமே இல்லையென்றால் பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுமுன் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையோ, இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் நூலகம் நிறுவனத்தையோ ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம். எல்லாக் குடும்பப் பெட்டிகளையும் யாராலும் வாங்கிக்கொள்ள முடியாது. ஆனால் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதிய பெட்டியோடு போகிறவருக்கு அங்கே மதிப்பு அதிகம். அந்த மூன்றையும் இந்த வாரமே எழுதத் தொடங்குங்கள்.