வலியை வழிமறித்தல்

முதுமை எய்தியோர்க்கு எலும்பின் உறுதி குன்றிவிடுகிறது. இளைஞன் தடுக்கி விழுந்தால் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து நடப்பான். எண்பது வயது மூதாட்டி ஈரத்தரையில் சறுக்கி விழுந்தாலோ, தொடை எலும்பின் மேல்முனை முறிந்துபோதலும் உண்டு. இதனையே இடுப்பு முறிவு என்பர்.

அசையாது கிடக்கும்போது ஒருவாறு பொறுக்கத்தக்கதாய் உள்ள வலி, கால் சிறிது அசையினும் தாங்கொணாததாய் மூண்டெழும். ஆயினும், மருத்துவமனையை அடைந்தவரை அசைக்காமல் இருத்தல் இயலாது. வண்டியிலிருந்து கட்டிலுக்கு மாற்றவேண்டும், எக்ஸ்-ரே படம் எடுக்கத் திருப்பவேண்டும், உடை களையவேண்டும். அறுவை நடைபெறும் வரையில் இத்துன்பம் தொடரும்.

இதற்கு மார்பின் முதலிய மருந்துகளைத் தருவது நெடுநாளைய வழக்கம். அபினியிலிருந்து பெறப்படும் மார்பின் வலியைத் தணிப்பதில் வல்லது. ஆனால், குருதியிற் கலந்து உடல் முழுதும் பரவுவது. வலி இருப்பதோ இடுப்பில். மருந்து மூளையையும் மூச்சையும் குடலையும் சேர்த்தே தாக்குகிறது. முதியோரின் சிறுநீரகம் அதனை விரைந்து வெளியேற்றுவதுமில்லை. ஆதலால், சிலர் மயங்கிக் கிடப்பர். சிலர் பெற்ற மக்களையே அடையாளம் காணாது பிதற்றுவர். இதற்கு அஞ்சி மருந்தைக் குறைப்பதும் நன்றன்று. தணியாத வலியும் அறிவைக் கலக்கும். மறதிநோய் உற்றவர் தம் வலியை எடுத்துச் சொல்லவும் அறியார். அவருடைய அமைதியை நலம் என்று கருதிவிடுவது கொடுமையேயாகும்.

முறிந்த இடத்திலிருந்து எழும் செய்தி நரம்பின் வழியே சென்று மூளையை அடைந்த பின்னரே வலியாக உணரப்படுகிறது. நரம்பிழையின் மேலுறையில் நுண்ணிய வாயில்கள் உள்ளன. மின்னேற்றம் பெற்ற சோடிய அணுக்கள் அவற்றின் வழியே உட்புகுவதனாலேயே செய்தி முன்னேறுகிறது. மரப்பு மருந்து அவ்வாயில்களை அடைத்துவிடுகிறது. செய்தி இடைவழியிலேயே நின்றுபோகிறது. மூளையோ தெளிவாகவே இருக்கிறது. இம்முறைக்கு நரம்புத் தடை என்று பெயர்.

1884 ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துக் கார்ல் கோலர், கொக்கேய்ன் கரைசல் கண்ணை மரத்துப்போகச் செய்வதைக் கண்டறிந்தார். நியூயார்க்கில் ஹால்ஸ்டெட் என்னும் அறுவை மருத்துவர் அதனை நரம்பருகே ஊசியால் செலுத்திப் பார்த்தார். தம்மீதே சோதனை செய்த அவர் அப்பொருளுக்கு அடிமையானார். நரம்புத் தடைக்கு அவர் தந்த விலை அது. தீங்கு குறைந்த மருந்துகள் பின்னர் வந்தன. சுவீடனில் 1943 இல் உருவான லிடோகேய்ன் அவற்றுள் ஒன்று.

இடுப்பு மூட்டின் முன்புறத்து வலியைப் பெரிதும் சுமந்து செல்வது தொடை நரம்பாகும். அது இடுப்புத் தசையின்மேல், மெல்லிய உறை ஒன்றன் அடியில் ஓடுகிறது. 1989 இல் பிரான்சு நாட்டுத் தலென்சு என்பவரும் அவர்தம் குழுவினரும், நரம்பை நேரே தேடாமல் இவ்வுறையின் அடியில் மருந்தைச் செலுத்தும் முறையைக் குழந்தைகளுக்கென வகுத்தனர். மடை திறந்த நீர் வரப்புக்குள் வயல் முழுதும் பரவுவதுபோல, மருந்து உறைக்கடியில் பரவி நரம்பைச் சென்று சேர்கிறது. முன்பு, ஊசி உறையைத் துளைக்கும் உணர்வைக் கைவிரலால் அறிந்தே மருத்துவர் செயற்பட்டனர். இந்நாளில் செவிக்கெட்டாத ஒலியலைகளால் ஸ்கேன் கருவி ஊசிமுனையையே திரையில் காட்டுகிறது. இங்கிலாந்தில் 2011 இல் வெளியான மருத்துவ நெறிமுறை, பிற மருந்துகள் போதாதபோது நரம்புத் தடையைச் சேர்க்கலாம் என்றது.

இதிலும் இடர் இல்லாமல் இல்லை. மருந்து தவறிக் குருதிக்குழாயில் மிகுதியாகப் புகுந்தால் வலிப்பு உண்டாகும், இதயமும் நின்றுபோகலாம். அதனால், உடல் எடைக்கேற்ப அளவிட்டு, ஊசிக்குழலைப் பின்னிழுத்துக் குருதி வருகிறதா என்று பார்த்தே செலுத்துவர். நஞ்சேறினால் முறிக்கக் கொழுப்புப் பால்மமும் அருகில் வைக்கப்பட்டிருக்கும்.

ஊசியிட்ட அரைமணி அளவில் வலி பெரிதும் தணியும். மூட்டுக்கு வேறு நரம்புகளும் செல்வதால் முற்றும் அகலாது. எஞ்சியதற்குப் பாராசிட்டமால் போன்ற எளிய மருந்துகள் துணையாகும். சில மணி நேரத்தில் ஊசியின் பயன் தேய்ந்துவிடும். ஆகவே, செவிலியர் ஊசியிட்ட நேரத்தைக் குறித்துவைத்து, நோயாளியை அசைக்கும்போதெல்லாம் வலி மீண்டதா என்று கேட்டறிகின்றனர்.