மானும் பூஞ்சையும்

அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளை இரண்டு உயிரினங்கள் உருமாற்றியுள்ளன. ஒன்று, செஸ்நட் மரத்தின் பட்டைக்குள் புகுந்து அதைக் கருகச் செய்யும் பூஞ்சை. மற்றொன்று, வெள்ளைவால் மான். முன்னதைக் கண்டு அஞ்சுகிறோம். பின்னதைக் கண்டு மகிழ்கிறோம்.

ஆசியாவிலிருந்து இறக்குமதியான நாற்றுகளுடன் வந்த அப்பூஞ்சை, 1904-இல் நியூயார்க் விலங்கியல் பூங்காவில் கண்டறியப்பட்டது. சுமார் 50 ஆண்டுகளில் 300 கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் மாண்டன. அழிவு கண்ணெதிரே நிகழ்ந்ததால் அரசு விழித்துக்கொண்டது. அயல்நாட்டுத் தாவரங்களின் வரவைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1912-இல் இயற்றப்பட்டது.

மானின் கதை வேறு. அது அம்மண்ணுக்கே உரியது. மிகை வேட்டையால் 1900-வாக்கில் சில லட்சங்களாகக் குறைந்திருந்த அதன் எண்ணிக்கை, சட்டப் பாதுகாப்பாலும், ஓநாய், பூமா போன்ற கொன்றுண்ணிகள் அங்கு ஒழிக்கப்பட்டிருந்ததாலும் பெருகி, இன்று நாடெங்கும் ஏறத்தாழ 3 கோடியாகியுள்ளது. மான் முதிர்ந்த மரங்களை வீழ்த்துவதில்லை; முளைத்தெழும் கன்றுகளை மேய்ந்துவிடுகிறது. காடு பசுமையாகவே தோன்றும். மூத்த மரங்கள் சாயும்போதுதான் அடுத்த தலைமுறை இல்லை என்பது புலப்படும்.

பொருளியல் மொழியில் சொன்னால், பூஞ்சை மூலதனத்தை அழித்தது. மான் வருங்கால முதலீட்டைத் தின்கிறது. இரண்டின் விளைவும் ஓரிடத்தில் கூடுகிறது. பூஞ்சையால் செஸ்நட்டின் வேரைக் கொல்ல இயலவில்லை. இன்றும் அடிக்கட்டையிலிருந்து துளிர்கள் எழுகின்றன. அவற்றையும் மான் விட்டுவைப்பதில்லை.

எனவே, காட்டின் நலனை நிற்கும் மரங்களைக் கொண்டு மட்டும் அளக்கலாகாது; கன்றுகளையும் எண்ண வேண்டும். மான் பகையன்று. கொன்றுண்ணிகளை அகற்றிச் சமநிலையைக் குலைத்தவர் மனிதரே. அதன் பெருக்கத்தைக் கட்டுக்குள் வைக்கும் பொறுப்பும் அவர்களுடையதே.