ஒன்றும் இரண்டும் சமமா?

இக்கணக்கைத் தங்கள் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள்.

பூஜ்யத்தை ஒன்றால் பெருக்கினாலும் பூஜ்யம். இரண்டால் பெருக்கினாலும் பூஜ்யம். விடைகள் சமமாதலால், இருபுறத்தையும் பூஜ்யத்தால் வகுத்தால் ஒன்றும் இரண்டும் சமம்! பிழை எங்கே?

கணித மேதை இராமானுஜன் (1887–1920) கும்பகோணத்தில் பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே இவ்விடத்தைத் தொட்டுவிட்டார். "எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் விடை ஒன்று, மூன்று பழங்களை மூவருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்று" என்றார் ஆசிரியர். பழமும் இல்லை, பெறுவோரும் இல்லையெனில் அப்போதும் ஆளுக்கு ஒன்று கிடைக்குமா என இராமானுஜன் வினவியதாக அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் எந்த எண்ணும் விடையாகப் பொருந்தும். ஆகவேதான் பூஜ்யத்தால் வகுத்தல் ஆகாது. பிழை அங்கேதான்!

விதி எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று கேளாதவர் கடைவீதியிலும் ஏமாறுவர். "50 சதவீதத் தள்ளுபடி, அதற்குமேல் 20 சதவீதம்" என்றால் 70 சதவீதம் அன்று. 1000 ரூபாய்த் துணி முதலில் 500 ஆகும். பிந்தைய 20 சதவீதம் அந்த 500-க்கே. நாம் தரவேண்டியது 300 அன்று, 400 ரூபாய்!

பிள்ளைகள் "ஏன்?" என்று கேட்டால் அதட்டாதீர்கள். பெருநாள் ஜவுளிக் கணக்கில் தங்களைக் காப்பதும் அக்கேள்வியே.