சிங்கராஜாவுக்குத் தனியாக

"ஏன் பிள்ளை தனியப் போறாய்? அதுவும் தெற்குப் பக்கம்?" என்றார் அம்மா. மில்லிக்கனுக்கு வந்து இத்தனை வருடமாகியும் அந்தப் பயம் போகவில்லை. எனக்கும் பத்துச் சிங்களச் சொல்தான் தெரியும்.

மாத்தறையிலிருந்து தெனியாய பஸ்ஸில் நின்றபடிதான் போனேன். ஒரு சிங்கள அம்மா என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், இறங்கும்வரை தரவில்லை.

பஸ், வீட்டு அறை, வீட்டுச் சாப்பாடு என்று போனால் செலவு குறைவு. வழிகாட்டியில் மட்டும் மிச்சம் பிடிக்க முடியாது. காட்டுக்குள் தனியே விடமாட்டார்கள். 1970களில் ஒட்டுப்பலகைக்காக மரம் வெட்டிய காடு இது. மக்கள் எதிர்த்ததால் 1977இல் வெட்டு நின்றது. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக்கியது.

தாதியாக ஒன்று சொல்கிறேன்: அட்டை கடித்தால் பிடுங்காதீர்கள், உப்பும் நெருப்பும் வேண்டாம், வயிற்றில் உள்ளதைக் கடிவாயில் கக்கிவிடும். வாய்ப்பக்கம் நகத்தை நுழைத்துத் தள்ளினால் போதும். அதன் உமிழ்நீர் இரத்தத்தை உறையவிடாது, ஆகவே கொஞ்ச நேரம் வடியும். கழுவி, அழுத்திப் பிடியுங்கள். (இதெல்லாம் தெரிந்த நானே முதல் அட்டைக்குக் கத்தினேன்.)

இரவு அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"சாப்பிட்டியா?"

"இந்த வீட்டு அம்மா பலாக்காய்க் கறி வைச்சுத் தந்தவ."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அவவுக்கு நன்றி சொல்லு" என்றார்.

சிங்களத்தில் நன்றிக்கு 'ஸ்துதி' என்பார்கள். ஆலயத்தில் நாம் பாடுகிற அதே சொல். குசினிக்குப் போய்ச் சொன்னேன்.