நிறம் மாறாத படங்கள்: சாம்பல் அட்டையும் வெண்சமநிலையும்

கைத்தொலைபேசியிலேயே கேமரா வந்துவிட்ட பிறகு நம்மில் படம் பிடிக்காதவர் எவரும் இலர். திருமணம், தைப்பூசம், பேரவை நிகழ்ச்சி என எங்குச் சென்றாலும் நூற்றுக்கணக்கில் படங்களைச் சேர்த்துக் கொண்டு திரும்புகிறோம். ஆனால், வீட்டில் அமர்ந்து பார்த்தால் ஒரு படத்தில் மணப்பெண்ணின் முகம் மஞ்சளாக இருக்கிறது. மற்றொன்றில் நீலம் பாய்ந்திருக்கிறது. மாநிறமான முகங்கள் சாம்பல் பூத்துப் போகின்றன. மலிவான கேமரா என்று நாம் சலித்துக் கொள்கிறோம். உண்மையில் குறை பெரும்பாலும் விலையில் இல்லை. ‘வைட் பேலன்ஸ்’ எனப்படும் வெண்சமநிலையில்தான் இருக்கிறது.

ஒளிக்கும் நிறம் உண்டு

வெள்ளை வேட்டியை வெயிலில் பார்த்தாலும் குண்டு பல்பின் கீழ் பார்த்தாலும் நமக்கு அது வெள்ளைதான். ஒளியின் நிறத்தை மூளை தானே கழித்துவிடுகிறது. கேமராவோ வந்து விழும் ஒளியை அப்படியே பதிவு செய்கிறது. ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகால் குறிப்பர். மெழுகுவர்த்தி ஏறக்குறைய 1,900, குண்டு பல்பு 2,700 முதல் 3,000, நண்பகல் வெயில் 5,500, மேகமூட்டம் 6,500, திறந்த வானத்தின் கீழுள்ள நிழல் 7,000க்கும் மேல். எண் குறையக் குறைய ஒளி சிவக்கும். கூடக் கூட நீலமாகும்.

ஜொகூர், பத்து பகாட் மாவட்டத்திலுள்ள எங்கள் யோங் பெங்கில் இதை ஒரே நாளில் கண்டுவிடலாம். நண்பகலில் சாலையோரம் ஓர் ஒளி. கடைவரிசையின் ஐந்தடி நடைபாதையில் வேறோர் ஒளி. இரவில் சாப்பாட்டுக் கடைகளின் விளக்குகளில் இன்னொன்று. இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது செம்பனைத் தோட்டம். மட்டைகளில் பட்டும் அவற்றினூடே புகுந்தும் வரும் ஒளி பச்சை ஏறியிருக்கும். அங்கே கெல்வின் எண்ணை மட்டும் மாற்றினால் பயனில்லை. பச்சைக்கு எதிரான கருஞ்சிவப்பையும் கூட்ட வேண்டும்.

தானியங்கி முறை ஏன் ஏமாறுகிறது?

ஒரு காட்சியிலுள்ள நிறங்களையெல்லாம் கலந்தால் சாம்பல் வரும் என்பது தானியங்கி முறையின் பழைய அடிப்படை ஊகம். இன்றைய கேமராக்கள் இதைவிட நுட்பமாகக் கணித்தாலும், ஒரே நிறம் படத்தை நிறைத்தால் தடுமாறுகின்றன. அரக்குப் பட்டும் சிவப்புத் திரையும் நிறைந்த மணமேடையில், அந்தச் சிவப்பை ஒளியின் குறை என்று கருதி நீலப்பச்சையைக் கூட்டிவிடலாம். பாதிக்கப்படுவது முகம்தான்.

சாம்பல் அட்டை இந்த ஊகத்திற்கு வேலையே வைப்பதில்லை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் அது சம அளவில் எதிரொளிக்கிறது. எனவே, அட்டையின் படத்தில் நிறம் தெரிந்தால் அது ஒளியின் நிறமே. கேமரா அதை மட்டும் கழித்தால் போதும்.

செய்முறை

1. படம் பிடிக்கப்படுபவரின் முகம் இருக்கும் இடத்திலேயே, அதே ஒளி விழுமாறு அட்டையைப் பிடிக்கவும்.

2. அட்டை படத்தை நிறைக்குமாறு ஒரு படம் எடுக்கவும். பளபளப்போ உங்கள் நிழலோ அதில் விழக்கூடாது.

3. கேமராவின் பட்டியலில் ‘கஸ்டம்’ (நிக்கானில் ‘பிரீசெட் மேனுவல்’) வெண்சமநிலையைத் தேர்ந்து, அந்த அட்டையையே அளவாகக் கொடுக்கவும்.

4. ‘ரா’ கோப்பாக எடுப்பவர்கள் அட்டையை முதல் படத்தில் சேர்த்துக் கொண்டால் போதும். பிறகு கணினியில் சொட்டுக்குழாய்க் கருவியால் அட்டையைத் தொட்டு, அதே அளவை மற்றப் படங்களுக்கும் கொடுக்கலாம்.

5. ஒளி மாறினால் மீண்டும் முதலிலிருந்து செய்யவும்.

அட்டைக்குப் பதிலாக வெள்ளைத் தாள் போதாதா? பெரும்பாலான தாள்களில் வெண்மையூட்டும் வேதிப்பொருள் உண்டு. அது வெயிலிலுள்ள புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக உமிழும். கேமரா அந்த நீலத்தைக் கழிக்கப் போய்ப் படத்தை மஞ்சளாக்கிவிடும்.

அட்டைக்கும் எல்லை உண்டு. சன்னல் வெயிலும் குழல் விளக்கும் கலந்த மண்டபத்தில் ஓர் அளவு எல்லா மூலைக்கும் பொருந்தாது. முகத்தில் விழும் ஒளிக்கே முதலிடம் தர வேண்டும். அதுபோல, கருவறையின் எண்ணெய் விளக்கொளியை முழுவதும் வெள்ளையாக்கினால் அந்தச் சூழலே போய்விடும். அங்கே பொன்னிறம் பிழையன்று.

நம் நிறம், நம் படம்

இது வெறும் தொழில்நுட்பச் செய்தியன்று. ஃபிலிம் காலத்தில் அச்சுக்கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் அனுப்பிய ‘ஷெர்லி அட்டை’யில் நெடுங்காலம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே. அம்முகம் சரியாக வந்தால் அச்சு சரி எனப்பட்டது. பல இனப் பெண்கள் சேர்ந்து தோன்றும் அட்டை 1990களில்தான் வந்தது. கனடா ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் இவ்வரலாற்றை விரிவாக எழுதினார். கூகுள் நிறுவனம் கருநிறத் தோலைச் சரியாகக் காட்டும் ‘ரியல் டோன்’ வசதியை 2021இல்தான் கைத்தொலைபேசியில் அறிமுகப்படுத்தியது.

சாம்பல் அட்டைக்கு இனமில்லை. அது எந்த முகத்தையும் அளவுகோலாக்குவதில்லை. ஒளியை மட்டுமே அளக்கிறது. நம் பாட்டியின் கருமையும் மணமகளின் மஞ்சள் பூசிய முகமும் உள்ளபடியே பேரப்பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டும். அடுத்த நிகழ்ச்சிக்குக் கேமராவை எடுத்துச் செல்லும் நண்பர்களே, பையில் ஒரு சாம்பல் அட்டையையும் வைத்துக் கொள்ளுங்கள்.