ரோமாபுரியின் மாய விதானம்

ரோமாபுரியிலுள்ள புனித இஞ்ஞாசியார் கோயிலின் நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து நோக்குகிறவர் கண்ணுக்கு, சுவர் முடியுமிடத்தில் கட்டடம் முடிவதில்லை. தூண்களும் தோரண வளைவுகளும் இன்னொரு மாடமாக மேலெழும்ப, அதற்கும் அப்பால் திறந்து கிடக்கும் ஆகாயத்தில், தேவதூதர் புடைசூழ இஞ்ஞாசியார் கிறிஸ்துவை நோக்கி ஏறிச் செல்கிறார். உண்மையில் அங்கே தூணுமில்லை, ஆகாயமுமில்லை. வளைந்த விதானத்தில் பூசிய சுண்ணமும் வர்ணமுமே உள்ளன.

கர்தினால் லுதோவிக்கோ லுதோவீசியின் பொருளுதவியால் 1626-ல், இஞ்ஞாசியார் நிறுவிய இயேசு சபையார் தொடங்கிய இக்கோயிலை அமைத்தவர், வால்நட்சத்திரங்களைப் பற்றிக் கலிலியோவுடன் வாதிட்ட கணிதப் பேராசிரியர் ஒராசியோ கிராஸி. பீடத்துக்கு முன்னே எழவேண்டிய கும்மட்டம் மட்டும் எழவேயில்லை. அக்குறையைத் தீர்க்க, சபைச் சகோதரரான அந்திரேயா பொத்ஸோ, சுமார் 17 மீட்டர் அகலமுள்ள சீலையில் ஒரு கும்மட்டத்தையே சித்திரமாக எழுதி 1685-ல் மேலே பொருத்தினார். அதன் தூண்கள் சுவரிலிருந்து நீளும் தாங்குகற்களின்மேல் நிற்பதாக எழுதியிருந்ததைக் கட்டடக் கலைஞர் சிலர் ஆட்சேபித்தபோது, அவை இடிந்து விழுந்தால் நஷ்டமெல்லாம் தம்முடையது என்று ஓவிய நண்பர் ஒருவர் பொறுப்பேற்றதாகப் பொத்ஸோவே தம் நூலில் குறித்திருக்கிறார்.

நடுக்கூடத்து விதானத்தை அவர் தீட்டியது 1691 முதல் 1694 வரை. வளைந்த பரப்பில் நேர்கோடு எழுதினால் கீழிருந்து பார்ப்பவருக்கு அது கோணலாகவே தோன்றும். ஆதலால் தரையில் ஒரு ஸ்தானத்தை நிச்சயித்து, விதானத்தின் அடியில் கயிறுகளால் கட்டங்கள் அமைத்து, அந்த ஸ்தானத்தில் நிற்பவரின் பார்வைக்கு ஒவ்வொரு கட்டமும் வளைவின்மேல் எங்கே படியும் என்று கணித்து, அக்கணக்கின்படி கோடுகளை வேண்டுமென்றே வளைத்து எழுதினார். கிறிஸ்துவிடமிருந்து புறப்படும் ஒளிக்கிரணம் இஞ்ஞாசியாரின் மார்பில் பட்டுப் பிரிந்து, பெண்ணுருவில் வீற்றிருக்கும் நான்கு கண்டங்களுக்கும் செல்கிறது. இச்சித்திரம் உருவாகிக்கொண்டிருந்த 1693-ஆம் ஆண்டில்தான், அருளானந்தர் என்று நம்மவர் போற்றும் இயேசு சபைக் குரு ஜான் தெ பிரிட்டோ தமிழகத்து ஓரியூரில் சிரச்சேதம் செய்யப்பட்டார். ஆசியாவை நோக்கிப் பாயும் அக்கிரணம் சபையாருக்கு வெறும் அலங்காரமாக இருந்திருக்க இயலாது.

இதனைக் கண்கட்டு வித்தை என்று இகழ்வது எனக்குச் சம்மதமில்லை. வித்தைக்காரன் தன் ரகசியத்தைக் காப்பான். பொத்ஸோவோ, விதானம் முடியுமுன்பே, இந்தக் கலையின் கணக்கையெல்லாம் படங்களுடன் நூலாக்கி உலகறிய வெளியிட்டார். கணிதத்தைப் பக்திக்குப் பணிசெய்ய வைத்த பரோக் கலையில் இதற்கு நிகரானவை மிகச் சிலவே. ரோமுக்குச் செல்லும் அன்பர்கள், தரையில் பதித்துள்ள வட்டக்கல்லின்மேல் நின்று ஆற அமரப் பார்த்துவிட்டு, பார்வையை எடுக்காமலே சில அடிகள் விலகி, அத்தூண்கள் சரிந்து சாய்வதையும் அவசியம் காணவேண்டும்.