விளக்கை அணைத்தால் பூக்கும் சாமந்தி

சீன மை ஓவியத்தில் சாமந்தியைக் கண்டால் இலையுதிர்காலம் என்று படிக்க வேண்டும். பிளம், ஆர்க்கிட், மூங்கிலோடு சேர்த்து ‘நான்கு கனவான்கள்’ என்பார்கள். மற்ற பூக்கள் ஓய்ந்தபின் குளிரில் நின்று பூப்பதால் சாமந்திக்கு வளையாத மனிதரின் மதிப்பு. இது கவிஞர் கற்பனை மட்டுமல்ல, செடியின் உடம்பிலேயே உள்ள விஷயம்.

சாமந்தி ஒரு குறும்பகல் செடி. இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். நாளின் நீளம் பூப்பை ஆளுகிறது என்று அமெரிக்காவின் கார்னரும் அல்லார்டும் 1920இல் எழுதினார்கள். இலையிலுள்ள ஃபைட்டோகுரோம் என்னும் நிறமிதான் ஒளியை உணர்கிறது. நடு இரவில் கொஞ்ச நேரம் வெளிச்சம் பட்டால் போதும், செடிக்கு அது நீண்ட இரவாகத் தோன்றாது.

மலேசியாவின் கேமரன் மலையில் சிக்கல் வேறு. நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். சாமந்திக்கு எந்நாளும் இலையுதிர்காலம். விட்டால் குட்டையாக இருக்கும்போதே மொட்டு வைத்துவிடும். சந்தையோ நீளத் தண்டு கேட்கிறது. அதனால்தான் கோலா தெர்லா, திரிங்காப் பக்கத்துப் பூத்தோட்டங்களில் பிளாஸ்டிக் கூரைக்கடியில் இரவில் பல்புகள் எரிகின்றன. தண்டு போதிய உயரம் வந்ததும் அணைத்துவிடுவார்கள். சில வாரங்களில் பூ வந்துவிடும்.

அப்படி வந்த வெள்ளைச் சாமந்தி ஒன்றை ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். நாம் இதழ் என்பது ஒவ்வொன்றும் தனிச் சிறுபூ. ஒன்றை உருவினால் அடியில் குட்டிக் குழல் தெரியும். பக்கவாட்டு வெளிச்சத்தில் வெள்ளை என்பது நுனிகளில் மட்டும்தான். மடிப்புகளில் நீலச் சாம்பல், நடுவில் இளம்பச்சை. இந்த நிழல்களைப் பிடிக்காமல் வரைந்தால் மிஞ்சுவது பஞ்சு உருண்டைதான். பின்னாளில் நேர்கோட்டுக் கட்டங்களால் பெயர்பெற்ற மோந்திரியான் 1908-09இல் கரித்துண்டால் தீட்டிய சாமந்தி நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நிறமே இல்லாமல் நிழலை மட்டும் கொண்டு எழுப்பிய பூ அது. என் கண்ணுக்கு, வண்ணத்தில் வந்த பல சாமந்திகளைவிட அதில்தான் உயிர் அதிகம்.

கேமரன் மலைச் சாமந்தி ஏராளமாக ஜப்பானுக்குப் போகிறது. அங்கே 16 இதழ்ச் சாமந்தி அரச முத்திரை; இறந்தோர் முன் வைப்பதும் அதே பூ. மூதாதையரை நினைக்கும் ஓபோன் பெரும்பாலும் ஆகஸ்ட் நடுவில், கடும் வெயிலில் வருகிறது. இலையுதிர்காலப் பூவுக்கு அப்போது கிராக்கி. அதிலிருந்து பின்னோக்கி வாரங்களை எண்ணித்தான் இங்கே விளக்கை அணைக்க வேண்டும்.